கடைசி வரிசைக்கு ஒரு புள்ளி போய்ச் சேரும் வழி

‘பல்’ என்று எழுதும்போது லகரத்தின் தலையில் வைக்கும் புள்ளி சாதாரணப் பேனாவில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அது தெரியாமல் போனால் ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். மலேசியத் தமிழ்ப்பள்ளியில் டாக்குமெண்ட் கேமரா (மேசையில் வைக்கும் தாளை மேலிருந்து படம்பிடித்துத் திரையில் காட்டும் கருவி) வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் மெகாபிக்சல் கணக்கை ஒதுக்கிவிட்டு இந்த அரை மில்லிமீட்டரைப் பின்தொடர வேண்டும் என்பது என் கருத்து.

ஓவர்ஹெட் புரொஜெக்டர் பல ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும். விளக்கொளி ஊடுருவிப் போனால்தான் அதில் படம் விழும். எனவே எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளில் எழுதியாக வேண்டும். மாணவரின் நோட்டுப் புத்தகத்தை வைத்தால் கறுப்புக் கட்டம்தான் தெரியும். நோட்டின் மேல் விளக்கடித்து, திரும்பி வரும் ஒளியை லென்ஸ் வழியாகச் சுவரில் விழவைக்கும் எபிஸ்கோப் என்ற கருவியும் முன்பு இருந்தது. தாளில் பட்ட ஒளி நாலா பக்கமும் சிதறும், லென்ஸுக்குள் வருவது கொஞ்சம்தான். அதனால் அறையை இருட்டாக்கியாக வேண்டும், விளக்கோ கொதிக்கும்.

1988-இல் ஜெர்மனியின் கோலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் அறிமுகமான டாக்குமெண்ட் கேமரா, இந்த வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டது. பார்ப்பது கேமராவின் சென்சார், ஒளி கொடுப்பது புரொஜெக்டர். தாளிலிருந்து வரும் ஒளி கொஞ்சமாக இருந்தாலும் போதும். சென்சார் அதை எண்களாக மாற்றிவிட்டால், திரையில் எவ்வளவு வெளிச்சமாகக் காட்டுவது என்பது புரொஜெக்டரின் பாடு.

இனிப் புள்ளிக்கு வருவோம். வகுப்பில் 1.8 மீட்டர் அகலத் திரை இருக்கிறது, கடைசி வரிசை 7 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். நல்ல கண்பார்வை உள்ளவருக்கு அந்தத் தொலைவில் சுமார் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த விவரங்களைப் பிரித்தறிய முடியாது. பெரும்பாலான ஆசிரியர்கள் செய்வதுபோல ஏ4 தாளை நெடுக்காக, முழுப் பக்கமும் தெரியும்படி காட்டுகிறோம். 1920-க்கு 1080 பிக்சல் கொண்ட படத்தில், தாளின் 297 மில்லிமீட்டர் உயரம் 1080 பிக்சலுக்குள் அடங்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு 3.6 பிக்சல்; புள்ளிக்குக் கிடைப்பது இரண்டுகூட இல்லை. திரையில் அது 1.7 மில்லிமீட்டர் ஆகும். கடைசி வரிசைப் பிள்ளைக்கு எல்லைக்கு வெளியே போய்விட்டது. தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிக்கொள்ளும்.

அதே கேமராவைக் கீழே இறக்கி, தாளின் 210 மில்லிமீட்டர் அகலம் திரையை நிறைக்கும்படி வைத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் 12 சென்டிமீட்டர் உயரம்தான் தெரியும். ஆனால் புள்ளிக்கு நான்கைந்து பிக்சல், திரையில் 4 மில்லிமீட்டருக்கு மேல். கூடுதல் காசு செலவில்லை. தாளை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே பேசப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

கேபிளிலும் ஒரு நெருக்கடி உண்டு. இந்த அளவுப் படத்தை நொடிக்கு 30 முறை, சுருக்காமல் அனுப்ப ஏறத்தாழ 1000 மெகாபிட் தேவை. பல கேமராக்களைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி 2.0-இன் உச்ச வேகமே நொடிக்கு 480 மெகாபிட். ஆகவே கேமரா படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். சுருக்கும்போது வெளிச்ச வேறுபாட்டைவிட நிற விவரத்தைத்தான் அதிகம் வெட்டும், ஏனென்றால் நம் கண் நிறத்தில் அவ்வளவு கூர்மையானது அல்ல. ஆசிரியரின் மெல்லிய சிவப்பு மைத் திருத்தம் திரையில் மங்குவதற்கு இது ஒரு காரணம். எச்டிஎம்ஐ வழியாக நேரே புரொஜெக்டரில் மாட்ட முடிந்தால் அதையே செய்யுங்கள்.

ஆட்டோஃபோகஸ் பல கேமராக்களில் வேலை செய்வது, பழைய ரேடியோவில் நிலையம் தேடுவது மாதிரி. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, அடுத்தடுத்த பிக்சல்களுக்கு இடையே வேறுபாடு எங்கே அதிகமோ அங்கே நிற்கும். எழுதும் கை உள்ளே வந்ததும் தாளை விட்டுவிட்டு விரல்களைத் தேடிப் போகும், எழுத்து கலங்கும். பக்கத்தை வைத்து ஃபோகஸ் ஆனதும் பூட்டிவிட வேண்டும்.

மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி. பழைய குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால் ஒரு வரிக்கு ஒளி கூடும், இன்னொரு வரிக்குக் குறையும். திரையில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துபோவது அதனால்தான். 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கு ஏற்றபடி அமைந்து வரும் கேமராவில் இது நடக்கும். அமைப்பில் 50 என்று மாற்றினால் ஒவ்வொரு வரிக்கும் முழுதாக ஒன்றோ இரண்டோ மினுக்கு கிடைத்து, பட்டை மறையும். இதற்காகக் கேமராவே கெட்டுவிட்டது என்று அலமாரியில் பூட்டி வைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். பென்சில் எழுத்து பளபளத்து வெளுத்தால் காரணம் வேறு: தலைக்கு நேர் மேலே உள்ள விளக்கின் ஒளி தாளில் பட்டு நேராக லென்ஸுக்குள் திரும்புகிறது. அந்த விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டிலிருந்து ஒளி கொடுங்கள்.

எழுத்தைக் காட்டுவதோடு இந்தக் கருவியை நிறுத்திவிடக் கூடாது. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் பிள்ளைகளின் தாத்தா பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்துவிட்ட பிறகு, ரப்பர் பால் உறைவதைப் பேரப்பிள்ளைகளில் பலர் பார்த்ததே இல்லை. பாலில் மிதக்கும் ரப்பர் துகள்களைச் சுற்றி எதிர் மின்னேற்றம் கொண்ட புரதப் படலம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்குகின்றன. அமிலம் சேர்ந்ததும் மின்னேற்றம் குன்றி, துகள்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாகின்றன. மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் மட்டும் எட்டிப் பார்க்க முடிந்த இதை முழு வகுப்பும் ஒரே நேரத்தில் பார்க்கலாம்.

வெள்ளைத் தட்டு வேண்டாம். வெள்ளைப் பாலும் வெள்ளைத் தட்டும் சேர்ந்தால் எது பால், எது தட்டு என்று தெரியாது. தானியங்கி வெளிச்சக் கட்டுப்பாடு படம் முழுவதையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்த்து எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கிவிடும். கறுப்புத் தட்டில் பாலை மெல்லியதாக ஊற்றி, பால் வெள்ளையாகத் தெரியும்வரை வெளிச்சத்தைச் சரிசெய்து பூட்டுங்கள். ஃபோகஸையும் பூட்டுங்கள். ரப்பர் பாலை உறையவைக்க வழக்கமாகச் சேர்க்கும் ஃபார்மிக் அமிலம் தோலைச் சுடும். வகுப்பறைக்குச் சமையல் வினிகர் போதும். தட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் ஊற்றினால், உறைந்த பக்கமும் உறையாத பக்கமும் ஒரே படத்தில் அருகருகே கிடைக்கும்.