ஊர்க்குளத்துக்கு நன்கொடை: ரசீது மட்டும் போதாது

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர், குளம் தூர்வார 50,000 ரூபாயை மஞ்சள் பையில் கொண்டுவந்து சங்கத்துக்காரர்களிடம் கொடுத்தார். ரசீதும் வாங்கிக்கொண்டார். வரிக்கணக்கு போடும்போது ஆடிட்டர் அந்த ரசீதைத் திருப்பித் தந்துவிட்டார். ரொக்கம், செல்லாதாம். குளம் ஆழமானது நிஜம், வரியில்தான் ஒரு பைசா குறையவில்லை.

80-ஜி என்று எல்லோரும் சொல்வது, நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் இந்தச் சலுகையைத்தான். அங்கீகாரம் பெற்ற தொண்டு அமைப்புக்குப் பணம் கொடுத்தால், பொதுவாக அதில் பாதியை உங்கள் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அதற்கும் வருமானத்தை ஒட்டி ஓர் உச்சவரம்பு உண்டு. (2025-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. பேச்சில் பழைய பெயரே ஓடுகிறது.) ரொக்கமாக 2,000 ரூபாயைத் தாண்டினால் சலுகை இல்லை. அதற்கு மேல் கொடுப்பதானால் செக், வங்கிப் பரிமாற்றம், யூபிஐ என்று எதில் கொடுத்தாலும் செல்லும்.

பாதி என்றதும் பாதிப் பணம் கைக்குத் திரும்பி வரும் என்று நினைப்பவர்கள் நிறைய. 10,000 கொடுத்தால் 5,000 வருமானத்தில் கழியும். 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு மிச்சம், செஸ் என்ற மேல்வரியும் சேர்த்து, 1,040 ரூபாய். அதுவும் பழைய வரிமுறையில் இருந்தால்தான். நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் 2023-24 முதல் புதிய முறைதான் பொருந்தும், அதில் தனிநபருக்கு இந்தக் கழிவு கிடையாது. தேங்காய் வருமானம் மட்டுமே உள்ள தோப்புக்காரருக்கு மத்திய வருமான வரியே இல்லை, அவர் இதைப் பற்றி யோசிக்க வேண்டியதும் இல்லை. ஜேசிபியை இரண்டு நாள் இலவசமாக அனுப்புவது, மரக்கன்று தருவது எல்லாம் நல்ல உதவி. ஆனால் பொருளாகத் தந்தால் கழிவு கிடைக்காது.

கொடுக்கும் முன் சங்கத்திடம் 80-ஜி ஆணையின் நகலைக் கேளுங்கள். எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். முதலில் கிடைப்பது மூன்று வருடத் தற்காலிக அனுமதிதான், புதுப்பிக்க மறந்த சங்கங்கள் உண்டு. உங்கள் பான் எண்ணைக் கொடுங்கள். வருட முடிவில் சங்கம் நன்கொடைப் பட்டியலை வரித்துறைக்கு அனுப்பி, 10-பிஈ என்று ஆடிட்டர்கள் சொல்லும் சான்றிதழை எடுத்துத் தர வேண்டும். வழக்கமான கெடு மே 31. தவறினால் நாளுக்கு 200 ரூபாய் சங்கத்தின் தலையில் விழும்.

இனி சங்கத்தின் பக்கம். பதிவு செய்யப் போனால் நம் பகுதியில் ஒரு வேடிக்கை. கொழிஞ்சாம்பாறை அடங்கிய சித்தூர் தாலுகா பழைய கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, அதனால் அங்கே 1955-ம் ஆண்டு திருவிதாங்கூர்-கொச்சி சங்கப் பதிவுச் சட்டம். பாலக்காடு டவுன் சென்னை மாகாணத்து மலபாரில் இருந்தது, அங்கே 1860-ம் ஆண்டுச் சட்டம். கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் போனால் 1975-ம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம். ஒரே ஆற்றுத் தண்ணீர், மூன்று சட்டம். பைலா எழுதிக் கொடுப்பவர் எந்தச் சட்டத்துக்கு எழுதுகிறார் என்று கேட்டுவிடுங்கள். பதிவு முடிந்து, சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் 12-ஏ வாங்கிய பிறகுதான் 80-ஜி.

துபாயிலோ மஸ்கட்டிலோ வேலை பார்க்கும் ஊர்ப்பிள்ளைகள் பணம் அனுப்பினால்? இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், ஆகும். அப்போது எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் அனுமதியும் டெல்லி ஸ்டேட் பாங்க் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். அவை இல்லாத சங்கம் அந்தப் பணத்தைத் தொடக்கூடாது, பிறந்த ஊர் என்ற பாசமெல்லாம் எடுபடாது.

பாலக்காட்டுப் பக்கம் ஆலைகள் நிறைந்த கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணம் இன்னொரு வழி. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள கம்பெனி, சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழல் அந்தப் பட்டியலில் இருக்கிறது, தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. ஆனால் சங்கத்துக்கு, அந்தப் பணத்தை வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவும் மூன்று வருட வேலை அனுபவமும் இருக்க வேண்டும். ஆலைப் பணமா என்று தயங்குபவர்களும் உண்டு. பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடாவில் நிலத்தடி நீருக்காக ஜனங்கள் போராடி 2004-ல் கோகோ கோலா ஆலை நின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தயக்கம் வரத்தான் செய்யும். வாங்குவதானால், எந்தக் குளம், என்ன வேலை என்பதைச் சங்கத்தின் பொதுக்குழு தீர்மானிக்கட்டும்.

என்னைக் கேட்டால், யாரும் தர விரும்பாத பணம்தான் முதலில் தேவைப்படுகிறது. கல்வெட்டுக்கும் மரக்கன்றுக்கும் ஆள் கிடைக்கும், ஆடிட்டர் கட்டணத்துக்குக் கிடைக்காது. அந்தக் கடைக்காரர் இந்த வருடம் செக்காகக் கொடுத்தார். பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தார்: "10,000 கணக்கு வேலைக்கு, மிச்சம் மதகுக்கு."