தொலைக்காட்டி வாங்குமுன் காற்றை யோசியுங்கள்

யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வானம் பார்க்கும் இரவுகளும் நடத்துகிறோம். அங்கே வரும் பெற்றோர் அநேகமாகக் கேட்பது ஒன்றுதான்: "சேர், எத்தனை மடங்கு பெருப்பிக்கிறதை வாங்கலாம்?" பெட்டியில் 500, 600 என்று அச்சடித்து விற்கிறார்கள். அந்த எண்ணை நம்பிக் காசைக் கொட்டவேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் தடை எங்கள் தலைக்கு மேலே இருக்கும் காற்று. சூடும் குளிருமாகப் புரளும் காற்றுத் திட்டுகள் நட்சத்திர ஒளியை ஆளுக்கொரு பக்கம் வளைக்கின்றன. அடுப்பிலிருக்கும் தாச்சிக்கு மேலால் சுவரைப் பார்த்தால் நெளியுமே, அதுபோல. அதனால், நல்ல மலை உச்சியில் நிற்கும் 8 மீற்றர் தொலைக்காட்டிகூட, திருத்தம் இல்லாவிட்டால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 10–20 சென்ரிமீற்றர் ஆடி காட்டும் நுணுக்கத்தைத்தான் காட்டும். ஒளியை நிறைய அள்ளும், மங்கலான பொருள்களை எட்டும், ஆனால் நுணுக்கம் அதற்கு மேல் போகாது. பெருப்பிக்கப் பெருப்பிக்க மங்கல்தான் பெரிதாகும்.

இதற்கான வழியை அமெரிக்க வானியலாளர் ஹொரஸ் பாப்கொக் 1953இலேயே சொல்லிவிட்டார்: ஒளி எப்படிக் குலைந்திருக்கிறது என்று அளந்து, அதை ஈடுசெய்யும்படி ஓர் ஆடியை நெளிக்கவேண்டும். அன்று அதற்கேற்ற வேகத்தில் கணினி இல்லை. இன்று அடப்டிவ் ஒப்டிக்ஸ் என்ற பெயரில் பெரிய தொலைக்காட்டிகள் அநேகமானவற்றில் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சிலியில் பரனல் மலையில் உள்ள யெபுன் என்ற தொலைக்காட்டி. 2000இல் வானம் பார்க்கத் தொடங்கியது. அதன் 8.2 மீற்றர் பிரதான ஆடி அப்படியே இருக்க, இரண்டாம் ஆடியை மட்டும் கழற்றி, 1.1 மீற்றர் அகலமும் வெறும் 2 மில்லிமீற்றர் அளவு தடிப்பும் கொண்ட புதிய ஆடியைப் பூட்டினார்கள். பின்னாலிருக்கும் 1170 சிறு இயக்கிகள் அதைச் செக்கனுக்கு ஆயிரம் தடவை வரை நெளிக்கின்றன. அளந்து பார்க்கப் பிரகாசமான நட்சத்திரம் எல்லாத் திசையிலும் கிடைக்காது. ஆகவே 4 லேசர்களை மேலே அடித்து, ஏறத்தாழ 90 கிலோமீற்றர் உயரத்திலுள்ள சோடியம் அணுக்களை ஒளிரவைத்துச் செயற்கை நட்சத்திரங்களை உண்டாக்குகிறார்கள். 2018இல் வெளிவந்த அதன் நெப்டியூன் படம் ஹபிள் விண்வெளித் தொலைக்காட்டியின் படத்துக்கு ஈடுகொடுத்தது. அவ்வளவு கூர்மை வானத்தின் மிகச் சிறிய துண்டில்தான் கிடைக்கும் என்பதையும் சொல்லவேண்டும்.

(பிள்ளைகளே, இதைப் படித்துவிட்டுப் பச்சை லேசரை வானத்தில் அடிக்கவேண்டாம். பலாலிக்கு விமானங்கள் வருகின்றன. விமானம் குறுக்கிட்டால் பரனலிலேயே லேசரை நிறுத்திவிடுகிறார்கள்.)

எங்களுக்கு அப்படியொரு ஆடி கிடைக்காது. சரி, காற்றோடு ஒத்துப்போகலாம். பகல் முழுக்க வெயிலில் காய்ந்த சீமெந்து மாடியைவிடப் புல்தரை நல்லது. தொலைக்காட்டியை ஒரு மணித்தியாலம் முன்னரே வெளியே வைத்து ஆறவிடுங்கள். கோள்கள் நன்றாக மேலே ஏறியபின் பாருங்கள். அடிவானத்திலிருந்து 30 பாகையில் நிற்கும் பொருளின் ஒளி, உச்சியில் நிற்பதைவிட இரண்டு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. நாங்கள் மத்தியகோட்டுக்குக் கிட்ட இருப்பதால் வியாழனும் சனியும் உயர ஏறும், அது எங்களுக்குக் கிடைத்த வசதி. நட்சத்திரங்கள் பலமாகச் சிமிட்டும் இரவில் சனியின் வளையத்தை விட்டுவிட்டு, குறைந்த உருப்பெருக்கத்தில் கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டுங்கள்.

கடையில் கேட்கவேண்டியது ஆடியின் அகலம். 15 சென்ரிமீற்றர் இருந்தால் நல்ல தொடக்கம். அப்புறம், தாங்கியைக் கையால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். படம் இரண்டு மூன்று செக்கனில் அடங்காவிட்டால் வேறொன்றைக் கேளுங்கள்.