'ரீசனபிள் அக்காமடேஷன்' – தமிழில் தக்க ஏற்பாடு

அக்காமடேஷன் என்றதும் நமக்கு லாட்ஜும் ஹாஸ்டலும்தான் நினைவுக்கு வரும். அதனால் 'ரீசனபிள் அக்காமடேஷன்' என்ற சட்டச் சொல்லை 'நியாயமான தங்குமிட வசதி' என்று பெயர்த்துவிட இடமுண்டு. தங்குமிடத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வேலை, படிப்பு, தேர்வு என எங்கும் மாற்றுத்திறனாளி ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாக நிற்க என்ன மாற்றம் தேவையோ அதைச் செய்துகொடுப்பதுதான் இதன் பொருள். வேலை நேரத்தைத் தள்ளிவைப்பது, தரைத்தளத்தில் இருக்கை கொடுப்பது, திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் போட்டுத் தருவது, சிகிச்சைக்குப் போகும் நாட்களை ஒழுங்கீனமாகக் கணக்கெடுக்காமல் இருப்பது எல்லாம் இதில் அடக்கம்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் பலருக்கு வேலையே போகிறது. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவர் ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றால், வருடத்துக்கு 17 நாள் விடுப்பு. பிரிட்டனில் பல நிறுவனங்கள் பயன்படுத்தும் 'பிராட்ஃபோர்டு காரணி' என்றொரு கணக்கு இருக்கிறது. எத்தனை தடவை விடுப்பு எடுத்தார் என்பதை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை மொத்த நாட்களாலும் பெருக்குவார்கள். கால் முறிந்து ஒரே மூச்சில் 17 நாள் வீட்டில் இருந்தவருக்கு வரும் புள்ளி 17. தனித்தனியாக 17 நாள் ரத்தம் ஏற்றப் போனவருக்கோ 4,913! இருவரும் வேலைக்கு வராத நாட்கள் ஒன்றேதான். 'அடிக்கடி லீவு போடுகிறார்' என்று நம் ஊர் மேலாளர்கள் குறித்துவைப்பதும் சூத்திரம் இல்லாத இதே கணக்குதான். எல்லாருக்கும் ஒரே விதி என்பார்கள். அந்த ஒரே விதி ஒருவரை மட்டும் குறிவைத்து அடிக்கிறது. அந்த 17 நாளைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவதுதான் இங்கே ரீசனபிள் அக்காமடேஷன்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'மோடுஸ்' என்றால் அளவு. அதிலிருந்து 'கொம்மோடுஸ்', அதாவது அளவுக்குப் பொருந்தியது. அதிலிருந்து 'அக்கொம்மொடாரே', பொருந்தச் செய்வது. தங்க இடம் கொடுப்பது என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. சட்டத்துக்குள் இந்தச் சொல் முதலில் நுழைந்தது ஊனத்துக்காக அல்ல, மதத்துக்காக. தங்கள் மதத்தின் ஓய்வுநாளில் வேலை செய்ய மறுத்தவர்களுக்காக, அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டத்தில் 1972-இல் செய்த திருத்தம் முதலாளிகள் மீது இந்தக் கடமையைப் போட்டது. பிறகு அது மாற்றுத்திறனாளிகள் பக்கம் நகர்ந்து, 1990-இன் அமெரிக்கச் சட்டத்திலும், 2006-இல் ஐ.நா. உடன்படிக்கையிலும் நிலைபெற்றது. பிரிட்டன் சட்டம் 'ரீசனபிள் அட்ஜஸ்ட்மென்ட்' என்று வேறு பெயரில் சொல்கிறது. உடன்படிக்கையை 2007-இல் ஏற்ற இந்தியா, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு இலக்கணம் வகுத்தது. தலசீமியாவும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது.

இலக்கணத்தில் ஒரு வரம்பு உண்டு: செய்துதர வேண்டிய மாற்றம், தருபவர் மீது மிதமிஞ்சிய சுமையை ஏற்றக்கூடாது. 'ரீசனபிள்' என்பதன் வேலை அதுதான். ஆனால் அதே சட்டம், இந்த ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்றும் சொல்கிறது. திட்டவோ அவமானப்படுத்தவோ வேண்டியதில்லை, செய்யக்கூடியதைச் செய்யாமல் இருந்தாலே போதும்.

இதனால்தான் 'சலுகை' என்ற சொல்லை நான் அடியோடு எதிர்க்கிறேன். அலுவலகக் குறிப்புகளில் அதுதான் சாதாரணமாகப் புழங்குகிறது. சலுகை என்பது கொடுப்பவர் மனம் இரங்கித் தருவது, நாளைக்கே திரும்பப் பெறலாம். இது கடமை. பேருந்துப் பணிமனைகளில் சொல்லும் 'லைட் டியூட்டி'யும் ஒரு பகுதியைத்தான் காட்டுகிறது. 'தகவமைப்பு' கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் உயிரியலில் அது பாலைவனத்துக்கு ஏற்ப ஒட்டகம் மாறுவதைக் குறிக்கும் சொல். இங்கே மாற வேண்டியது பாலைவனம்தான்.

என் தேர்வு 'தக்க ஏற்பாடு'. தகு என்ற வேரில் பொருத்தம், நியாயம் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. 'தக்கார் தகவிலர்' என்று குறள் பேசுவது நடுவுநிலைமை அதிகாரத்தில். அங்கே தகவு என்றால் நடுவுநிலைமை. ஏற்பாடு என்பதோ யாரும் அகராதி பார்க்காமல் பேசும் சொல். 'இவருக்குத் தக்க ஏற்பாடு' என்னும்போது ஆளுக்கு ஆள் அது மாறும் என்பதும் தானாக வந்துவிடுகிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு தேர்வருக்கு, அவர் சொல்லச் சொல்ல எழுதித்தரும் எழுத்தரை வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தபோது வலியுறுத்தியதும் இந்தத் தனித்தேவையைத்தான்.

அரசுப் பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவர்களுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு வேலை தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி, பொருத்தமான இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை அதில் வைத்திருக்க வேண்டும். இதற்கு முன்பிருந்த 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு இருந்தது. பணியில் அடிபட்டுக் காலை இழந்த மத்தியப் படைக் காவலர் ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு, ஓய்வூதியம்தான் தருகிறோமே என்றது அரசு. ஓய்வூதியத்தைக் காட்டி வேலையை மறுக்க முடியாது என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்படி ஒரு நிலையில் இருப்பவர் மேலதிகாரியிடம் வாயால் மட்டும் கேட்டுவிட்டு வரவேண்டாம். 'தக்க ஏற்பாடு கோருதல்' என்று பொருள் எழுதி, எந்த வேலை எதனால் முடியவில்லை, என்ன மாற்றினால் முடியும் என்பதைக் கடிதமாகக் கொடுங்கள். மருத்துவச் சான்றை இணைத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.