தோட்டத் தொழிலாளி என்ன ஃப்ரான்சைஸ் கடையா வச்சிருந்தாங்க?

போன வாரம் ப்ரூஃப் பாக்க ஒரு மொழிபெயர்ப்பு வந்துச்சு, இலங்கை மலையகத் தமிழர் பத்தின கட்டுரை. மூணாவது பாராவுல "1949ல் உரிமம் ரத்து செய்யப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள்"னு இருக்கு. மூலத்த எடுத்துப் பாத்தா, நெனச்ச மாதிரியே டிஸ்என்ஃப்ரான்சைஸ்ட் (disenfranchised), அதாவது ஓட்டுரிமை பறிக்கப்பட்டவங்க. இந்த வருஷம் இது நாலாவது தடவ, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

ஃப்ரான்சைஸ்னாலே உரிமம் வாங்கி நடத்துற பிரியாணிக் கடை, டீக்கடை போர்டுதான் கண்ணுல தெரியுது நம்மாளுங்களுக்கு. அந்த வார்த்தை கடைக்குப் பொறந்ததே இல்லப்பா. பழைய பிரெஞ்சுல ஃப்ராங்க்னா யாருக்கும் அடிமையில்லாத ஆளு, ஃப்ரான்சைஸ்னா அப்படிப்பட்டவனுக்கு இருக்கற சுதந்திரம், உரிமை. ஓட்டுரிமைங்கற அர்த்தம் அதுல இருந்து வந்தது, கடைக்காரங்க எடுத்துக்கிட்டது ரொம்பப் பின்னாடி. எலெக்‌ஷன், சட்டம், குடியுரிமைன்னு பக்கத்துல ஏதாவது கண்ணுல பட்டா கடையை மறந்துடுங்க.

"வாக்குரிமை இழந்தனர்"னும் சிலர் எழுதுறாங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா பஸ்ல பர்ஸ தொலைச்ச மாதிரி இருக்கு. நடந்தது என்ன? 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துல பெரும்பாலானவங்களுக்குக் குடியுரிமை போச்சு, அடுத்த வருஷம் தேர்தல் சட்டத்தத் திருத்தி குடியுரிமை இருக்கறவங்களுக்குத்தான் ஓட்டுன்னுட்டாங்க. 1947ல இவங்களோட கட்சியான சிலோன் இந்தியன் காங்கிரஸ் எம்பிக்கள் சபையில உக்காந்திருந்தாங்க, 1952ல ஒருத்தர் கூட இல்ல. தானா போகல, எடுத்தாங்க. அதனால "வாக்குரிமை பறிக்கப்பட்டது"ன்னே எழுதுங்க, மலையகத்துக்காரங்களும் அப்படித்தான் சொல்றாங்க.

இன்னொரு குழப்பம், இதையும் தகுதிநீக்கத்தையும் ஒண்ணுன்னு நெனைக்கறது. நம்மூர்ல ரெண்டு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை வாங்கின அரசியல்வாதி தேர்தல்ல நிக்கத்தான் முடியாது, ஜாமீன்ல வெளிய இருந்தா ஓட்டுப் போடலாம். ஜெயிலுக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான், வெறும் விசாரணைக் கைதியா இருந்தாலும், ஓட்டு கிடையாது (தடுப்புக் காவல்ல இருக்கறவங்களுக்கு மட்டும் விலக்கு). லீவு கிடைச்சதும் ஊட்டிக்குப் போயிட்டு ஓட்டுப் போடாதவருக்கு "வாக்குரிமை பறிக்கப்பட்டது"ன்னு தயவுசெஞ்சு போடாதீங்க, அவர்கிட்ட யாரும் எதையும் பறிக்கல.

இளைஞர்கள், ஏழைகள்னு பொதுவா பேசற இடத்துல டிஸ்என்ஃப்ரான்சைஸ்ட்னு வந்தா ஓட்டே சம்பந்தமில்லாம கூட இருக்கலாம், அங்க "ஓரங்கட்டப்பட்டவங்க" போதும். முன்பின் ரெண்டு வரி படிச்சாலே தெரிஞ்சிடும், படிக்கணும் அவ்ளோதான்.

ஃபைல திருத்தி அனுப்பினேன். அந்தத் தம்பி கேக்குறான், "சார், இன்னொரு எடத்துல டிஸ்ஃப்ரான்சைஸ்னு இருக்கே, அதையாவது உரிமம்னு விட்டுடலாமா?" ரெண்டும் ஒண்ணுதான் ராசா, இது இன்னும் பழசு.