900 கிராமுக்கு மருந்து அளப்பது

28 வாரத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை. எடை 900 கிராம். ரத்தத்தில் கிருமித்தொற்று இருக்கலாம் என்று டாக்டர் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதுகிறார். கிலோவுக்கு 5 மி.கி. வீதம் 4.5 மி.கி. போட வேண்டும். வழக்கமாகக் கிடைக்கும் ஜென்டாமைசின் ஊசிமருந்தில் 2 மி.லி.க்கு 80 மி.கி. இருக்கும். அப்படியென்றால் இந்தக் குழந்தைக்கு வேண்டியது 0.11 மி.லி.

இங்கேதான் சிக்கல். சிரிஞ்சின் மூக்கிலும் ஊசியின் அடியிலும் சுமார் 0.08 மி.லி. மருந்து தங்கும். சிரிஞ்சின் கோடுகள் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மருந்தை அப்படியே செலுத்தினால் அது மூக்கிலேயே நின்றுவிடும், பாதகமில்லை. ஆனால் 0.11 மி.லி. மருந்தை இழுத்துவிட்டு, கொஞ்சம் நீர்க்க வைக்கலாம் என்று அதே சிரிஞ்சில் சலைனையும் இழுத்தால், மூக்கில் நின்றதும் சேர்ந்து உள்ளே வந்துவிடும். 4.5 மி.கி. என்று நினைத்துப் போடுவது 7.5 மி.கி.யைத் தாண்டிவிடும். பெரியவர்களின் வார்டில் யாரும் கவனிக்கவே தேவையில்லாத ஒரு துளி, இங்கே முக்கால் டோஸ். அதனால் 1 மி.லி. மருந்துடன் 3 மி.லி. சலைனைத் தனியாகக் கலந்து, மி.லி.க்கு 10 மி.கி. ஆக்கிக்கொண்டு, அதிலிருந்து 0.45 மி.லி. எடுக்கிறோம்.

என்.ஐ.சி.யூ. எனப்படும் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் பகுதிநேர மருந்தாளுநர். வாரத்தில் பாதி நாள்தான் வேலை. மற்ற வார்டுகளில் பகுதிநேரக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு: திரும்பி வந்து கேஸ் ஷீட்டைப் புரட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இங்கே அது நடக்காது. நான்கு நாள் கழித்து வந்து பார்த்தால் அதே இன்க்யூபேட்டரில், அதே பெயரில், மருந்துக் கணக்குப்படி வேறொரு குழந்தை இருக்கும்.

காரணம் தண்ணீரும் சிறுநீரகமும். பெரியவர்களின் உடலில் சுமார் 60 சதவீதம் தண்ணீர் என்றால், குறைமாதக் குழந்தையின் உடலில் 80 சதவீதத்துக்கும் மேல். ஜென்டாமைசின் தண்ணீரில் கரைந்து பரவும் மருந்து. பரவ இடம் அதிகம் என்பதால், கிலோ கணக்கில் தாராளமாகவே கொடுக்க வேண்டும். ஆனால் அதை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை. அதன் வடிகட்டிகள் கருவின் 36ஆம் வாரம் வரை உருவாகிக்கொண்டே இருப்பவை. சிறுநீரகம் நன்றாக இருக்கும் பெரியவருக்கு 24 மணி நேரத்துக்கு ஒரு முறை போடும் மருந்தை, இந்தக் குழந்தைக்கு முதல் வாரத்தில் 48 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் போடுகிறோம். அடுத்த டோஸுக்கு முன் முந்தையது போதுமான அளவு வடிந்திருக்க வேண்டும். தேங்கினால் காது கேட்கும் திறனும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று சோதிக்கலாம்தான். ஆனால் இந்தக் குழந்தையின் மொத்த ரத்தமே 80 மி.லி. போலத்தான். சோதனைக்கு எடுக்கும் அரை மி.லி.க்கும் கணக்கு வைக்க வேண்டும்.

எட்டாம் நாள் கணக்கு மாறுகிறது. பிறந்துவிட்டதாலேயே சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் கூடி அது வேகமாகத் தேறத் தொடங்குகிறது. டோஸ் கிலோவுக்கு 4 மி.கி. ஆகக் குறைகிறது, இடைவெளி 36 மணி நேரமாகச் சுருங்குகிறது. எடை என்னவோ முதல் சில நாள் இறங்கத்தான் செய்யும். உடலின் உபரித் தண்ணீர் வெளியேறுவதால் அப்படி. அதனால் பிறந்த எடையை மீண்டும் எட்டும்வரை அந்தப் பழைய எடையை வைத்தே மருந்தைக் கணக்கிடுவோம். ஆக, வேலைக்குத் திரும்பியதும் நான் முதலில் பார்ப்பது எடையை அல்ல, இன்று எத்தனையாவது நாள் என்பதைத்தான்.

கல்லீரலும் இதே போலத்தான் மெதுவாகப் பழகுகிறது. அதை மருத்துவ உலகம் கசப்பாகத்தான் கற்றுக்கொண்டது. 1950களில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமலிருக்க குளோராம்பெனிகால் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்தார்கள். சில நாட்களில் வயிறு உப்பி, உடல் சாம்பல் நிறமாகி, குழந்தைகள் இறந்தன. பெரியவர்களின் கல்லீரல் இந்த மருந்துடன் ஒரு சர்க்கரைப் பொருளை இணைத்து வெளியே தள்ளிவிடும். பச்சிளங்குழந்தையின் கல்லீரலில் அந்த வேலையைச் செய்யும் என்சைம் மிகக் குறைவு. மருந்து நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போனது. 1959இல்தான் ஆய்வுக் கட்டுரைகள் இதைத் தெளிவாக்கின.

இதே மந்தம் ஒரு மருந்துக்குச் சாதகம். குறைமாதக் குழந்தைகள் மூச்சுவிட மறந்துபோகும். 20 விநாடிக்கு மேல் மூச்சு நின்று, மானிட்டர் அலறும். அதற்குக் கொடுப்பது காஃபின், காபியில் இருக்கும் அதே காஃபின்தான். நமக்கு சுமார் 5 மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடும். இந்தக் குழந்தைகளுக்குப் பாதி வெளியேறவே ஏறக்குறைய 100 மணி நேரம் ஆகும். முதல் டோஸ் கிலோவுக்கு 20 மி.கி. காஃபின் சிட்ரேட். அதில் உண்மையான காஃபின் பாதிதான், 10 மி.கி. 60 கிலோ ஆளுக்கு இதே வீதத்தில் கொடுத்தால் 600 மி.கி., ஏழெட்டு டம்ளர் காபியை ஒரே மடக்கில் குடித்த கதைதான்! சிட்ரேட்டா, காஃபினா என்று எழுதாமல் வெறும் மி.கி. மட்டும் எழுதிய சீட்டு வந்தால் நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் டோஸ் இரட்டிப்பாகும், இல்லையென்றால் பாதியாகும். 2006இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், காஃபின் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு நாள்பட்ட நுரையீரல் பாதிப்பு குறைந்தது. மறுவருடம் வந்த தொடர் முடிவுகளில் பெருமூளை வாதமும் குறைந்திருந்தது. மூச்சுக்குக் கொடுத்த மருந்து மூளைக்கும் உதவியது.

அப்புறம் தண்ணீர்க் கணக்கு. முதல் நாளில் இந்தக் குழந்தைக்கு மொத்தமே 70 மி.லி. சொச்சம்தான் திரவம் போகலாம். குளுக்கோஸ், சிரிஞ்ச் பம்பில் ஓடும் மருந்துகள், ஒவ்வொரு ஊசிக்கும் பிறகு லைனைக் கழுவும் சலைன் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு நாளில் பத்து முறை ஒவ்வொரு மி.லி. சலைன் விட்டால், அதிலேயே 1.5 மில்லிமோல் சோடியம் சேர்ந்துவிடும். முதல் சில நாள் கழிந்த பிறகு இந்தக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய சோடியத்தில் அது ஏறக்குறைய பாதி. யாரும் மருந்துச் சீட்டில் எழுதாத சோடியம்! கழுவும் திரவம் இன்னொரு விதத்திலும் குற்றவாளியாகியிருக்கிறது. அதில் கிருமி வளராமலிருக்கச் சேர்த்த பென்சைல் ஆல்கஹாலால், மூச்சுத் திணறிக் குறைமாதக் குழந்தைகள் இறந்ததை ஒட்டி 1982இல் அமெரிக்காவில் எச்சரிக்கை வந்தது. அதனால்தான் லேபிளில் மருந்தின் பெயரை விட, கீழே பொடி எழுத்தில் இருப்பதை நான் கவனமாகப் படிக்கிறேன்.

போன மாதம் ஒரு சிஸ்டர் போன் செய்தார். "மேடம், இந்த பேபிக்குக் கால்சியம் ஓடிட்டிருக்கு. செஃப்ட்ரியாக்சோன் எழுதியிருக்காங்க. போடலாமா?"

"வேண்டாம் சிஸ்டர். செஃபோடாக்சிமா மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

செஃப்ட்ரியாக்சோன், செஃபோடாக்சிம் இரண்டும் கிருமிக்கொல்லி மருந்துகள். ஆனால் செஃப்ட்ரியாக்சோனும் கால்சியமும் ரத்தத்தில் சந்தித்தால் படிகமாகி நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் படியலாம். மஞ்சள் காமாலை இருந்தால், அதை உண்டாக்கும் பிலிருபின் என்ற நிறமியையும் செஃப்ட்ரியாக்சோன் ரத்தப் புரதத்தின் பிடியிலிருந்து விடுவித்து மூளைப் பக்கம் அனுப்பிவிடும். அந்த சிஸ்டர் பதினைந்து வருட அனுபவம் உள்ளவர். அவருக்கே சந்தேகம் வந்திருந்தது, அதனால்தான் கேட்டார். மருந்தாளுநர் என்றால் கவுன்டரில் பில் போடுபவர் என்று நினைக்கும் மருத்துவமனைகளில் அவர் யாரைக் கேட்பார்?

நரம்பு வழியாகச் செலுத்தும் உணவிலும், அதாவது டிபிஎன்னிலும், இதே படிகத் தொல்லை உண்டு. குழந்தையின் எலும்புக்குக் கால்சியமும் வேண்டும், பாஸ்பேட்டும் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று கண்டால் வெண்மையாய்த் திரியும். பாஸ்பேட்டை முதலில் நன்றாகக் கலந்துவிட்டு, கால்சியத்தைக் கடைசியில்தான் சேர்ப்போம். சூடு ஏறினால் இந்தப் படிவு கூடும். பையில் தெளிவாக இருந்த திரவம், இன்க்யூபேட்டரின் வெதுவெதுப்பில் கிடக்கும் டியூபில் கலங்கலாம். அதனால் பையோடு நிறுத்தாமல் டியூபையும் பார்க்கச் சொல்கிறோம்.

வீட்டுக்குப் போகும் நேரத்தில் காஃபினை நிறுத்தினாலும், பாதி வெளியேறவே நான்கு நாள் என்பதால் ஒரு வாரம் போலக் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். "மருந்தை நிறுத்தியாச்சே, இன்னும் எதுக்கு மேடம் வெச்சிருக்கீங்க?" என்று தினமும் கேட்கும் அம்மாக்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். கூடவே ஒரு விஷயம்: காய்ச்சலுக்கான பாரசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மி.லி.க்கு 100 மி.கி., சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. சொட்டு மருந்து தீர்ந்துவிட்டால் சிரப்பை அதே டிராப்பரில் ஊற்றக் கூடாது, சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுக்கவே கூடாது; அது நான்கு மடங்கு. வீட்டில் குழந்தைக்கு உடம்பு சுட்டால் முதலில் பாட்டிலைத் தேட வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுங்கள்.