அஜைல் என்றால் துரிதமா?

மட்டக்களப்பில் தகவல் தொழில்நுட்பப் பயிற்சி அறிவித்தல் ஒன்றைக் கையில் எடுத்தால் ‘துரித முறையில் தரவுக் களஞ்சியம்’ என்று போட்டிருக்கிறார்கள். தரவுக் களஞ்சியம் என்பது ஒரு நிறுவனத்தின் தரவுகளை அறிக்கை எடுக்க வசதியாக ஓரிடத்தில் சேர்த்து வைப்பது. அஜைல் என்பது மென்பொருளைச் சிறு சிறு பகுதியாகச் செய்து காட்டி, கருத்துக் கேட்டுத் திருத்திக்கொண்டே போகும் முறை. அதற்குத்தான் இந்தத் ‘துரிதம்’. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இலத்தீனில் ‘ஆகெரே’ என்றால் செய்தல், ஓட்டுதல். அதிலிருந்து இலகுவாக அசையும் ‘அகிலிஸ்’. 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருளாளர்கள் கூடி அறிக்கை விட்ட பிறகு அது துறைச்சொல்லாயிற்று. அவர்கள் சொன்ன 4 விழுமியங்களில் வேகம் இல்லை. திட்டத்தைக் கட்டிப்பிடித்திருப்பதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது மேல் என்பது இருக்கிறது. அடிக்கடி செய்து கொடு என்கிறார்கள், சரி. அடிக்கடி வேறு, அவசரம் வேறு.

தரவுக் களஞ்சிய வேலையில் இந்த வித்தியாசம் பெரிது. அம்பாறைப் பக்கம் உரம் கடனுக்குக் கொடுத்து நெல்லாகத் திரும்ப வாங்கும் ஒரு வியாபாரத்தை எடுங்கள். பழைய முறையில் எல்லாத் தேவையையும் எழுதி வாங்கி, எல்லா அட்டவணையையும் கட்டி முடித்த பிறகே முதல் அறிக்கை வெளிவரும். அஜைலில் கடன் கணக்கு மட்டும் முதலில் வரும். அதைப் பார்த்த நெற்களஞ்சியப் பொறுப்பாளர், “இதென்ன தம்பி, கார்த்திகையில குடுத்த கடன் ஒரு வருசத்தில, மாசியில வந்த நெல்லு அடுத்த வருசத்தில நிக்குது?” என்பார். பெரும்போகம் ஆங்கில வருடத்தை மதிப்பதில்லையே! உடனே திகதி அட்டவணையில் ‘போகம்’ என்றொரு நிரல் சேரும். பத்து அறிக்கை கட்டிய பிறகு இது தெரியவந்தால் பத்தையும் பிரிக்க வேண்டும். ‘துரிதம்’ என்று கேட்ட முதலாளியோ, எப்போது முடியும் என்று மட்டுமே கேட்பார்.

‘நெகிழ்வு’ என்பாரும் உண்டு. நெகிழ்வது இழுத்த பக்கம் போகும். இங்கே திரும்புவது குழு, தெரிந்தே திரும்புகிறது. ‘சுறுசுறுப்பு’ பள்ளிக்கூட நற்சான்றிதழோடு நிற்கட்டும்.

என் தெரிவு ‘லாவகம்’. நெரிசலில் சைக்கிளை லாவகமாக வெட்டி எடுத்தான் என்கிறோம்; அங்கே வேகத்தைவிடத் திருப்பம்தான் பேச்சு. வடமொழி ‘லாகவம்’ நம் வாயில் இப்படியானது, பொருள் பாரமின்மை. நாம் நாளும் சொல்லும் ‘இலகு’ம் அதே குடும்பம். அஜைல் என்ற பெயர் வருமுன் இம்முறைகளை ‘பாரமற்றவை’ என்றே அழைத்தார்கள் என்பது கூடுதல் பொருத்தம். தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிப்பார்கள். ‘துரித’மும் வடமொழி ‘த்வரித’ என்பதை அவர்களிடம் யாராவது சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கிடைப்பதை எடுப்பதுதான் நோய். வியாபாரத் தரவுகளை அலசி முடிவெடுக்க உதவும் ‘பிசினஸ் இன்டெலிஜென்ஸ்’ என்பதை ஒருவர் ‘வணிகப் புலனாய்வு’ ஆக்கியிருந்தார். எங்கள் ஊரில் அந்தப் பெயர்ப்பலகையோடு போனால் கடைக்காரர் ஒருவரும் கணக்குப் புத்தகத்தைத் திறக்கமாட்டார். ‘வணிகத் தரவறிவு’ போதும். லாவக முறை பிடிக்காதவர்கள் அஜைல் என்றே எழுதட்டும். துரிதத்தை அம்புலன்ஸுக்கு விட்டுவிடுங்கள்.