டைனமிக் மைக் வாங்கினால் அறைச் சத்தம் போய்விடுமா?

விலையுயர்ந்த டைனமிக் மைக் ஒன்றை வாங்கி மேசையில் வைத்துவிட்டால் மின்விசிறிச் சத்தமும் தெரு ஹாரனும் அறையின் எக்கோவும் தாமாகவே விலகிவிடும் என்ற நம்பிக்கை, புதிதாகப் பாட்காஸ்ட் தொடங்குவோரிடமும் யூடியூப் சேனல் நடத்துவோரிடமும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு ஒலிக்கலவை செய்து தருவது என் தொழில் என்பதால், அந்த நம்பிக்கையின் விளைவுகள் கடைசியில் என்னிடம்தான் வந்து சேருகின்றன. அண்மையில் வந்தது ஒரு முதிய கூத்துக் கலைஞரின் நீண்ட நேர்காணல். அவர் சோபாவில் நன்றாகச் சாய்ந்து அமர்ந்து மெல்லிய குரலில் பேசுகிறார். பாட்காஸ்ட் உலகமே கொண்டாடும் மைக் அவர் வாயிலிருந்து இரண்டடிக்கும் அப்பால், தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே படுத்துக்கிடக்கிறது. பதிவில் முதலில் கேட்பது ஹிஸ் என்ற 'ஸ்ஸ்' இரைச்சல், அடுத்து ஃபேன், அதற்கும் பின்னால் எங்கோ ஒரு மனிதர். "டைனமிக் மைக்தானே சார் வைத்தோம், சத்தம் எப்படி வந்தது?" என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை இனியும் தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

டைனமிக் மைக்குக்குள் காந்தமும் சுருளும் என்ன செய்கின்றன என்பது பள்ளி இயற்பியல், அதை விட்டுவிடுகிறேன். தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: எது நமக்கு வேண்டிய குரல், எது வேண்டாத இரைச்சல் என்று பிரித்தறியும் திறன் எந்த மைக்குக்கும் கிடையாது. தன் சவ்வை வந்து தொடும் காற்றழுத்தம் எதுவாக இருந்தாலும் அதை மின்னழுத்தமாக மாற்றித் தருவது மட்டுமே அதன் வேலை. டைனமிக் மைக் இந்த மாற்றத்தைக் குறைந்த அளவில் செய்கிறது, மின்சாரம் பெற்று இயங்கும் மற்றொரு வகையான கண்டென்சர் மைக் கூடுதலான அளவில் செய்கிறது, அவ்வளவே. ஷூர் எஸ்எம்7பி மைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 94 டெசிபல் ஒலிக்கு அது தருவது ஏறத்தாழ 1.12 மில்லிவோல்ட். ரோடு என்டி1-ஏ என்ற கண்டென்சர் அதே ஒலிக்கு 25 மில்லிவோல்ட் தருகிறது. சுமார் 22 மடங்கு வேறுபாடு. ஆகவே, மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸில் கெயின் திருகை, அதாவது மைக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தொடாமல் கண்டென்சரைக் கழற்றிவிட்டு டைனமிக்கை மாட்டினால் ஃபேன் சத்தம் காணாமல் போவது உண்மைதான். உங்கள் குரலும் அதே 22 மடங்கு காணாமல் போயிருக்கும். குரலைக் கேட்கும் அளவுக்குக் கெயினைக் கூட்டியதும் ஃபேனும் கூடவே எழுந்து வரும், கொஞ்சமும் குறையாமல்.

இணையத்தில் ஒப்பீட்டுக் காணொளிகள் பல, இந்தக் கடைசிப் படியைச் செய்யாமலேயே "பாருங்கள், எவ்வளவு அமைதி" என்று முடித்துவிடுகின்றன. சந்தேகம் இருப்பவர்கள் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு வகை மைக்குகளையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்துப் பேசிப் பதிவுசெய்து, குரல் இரண்டிலும் ஒரே உரப்பில் கேட்கும்படி எடிட்டில் சமப்படுத்தி, பிறகு பேச்சுக்கு இடையிலுள்ள மௌனங்களை மட்டும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். இரண்டும் ஒரே திசையமைப்பு (எந்தத் திசையின் ஒலியை எவ்வளவு வாங்கும் என்பது) உடையவை என்றால், அறை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். டைனமிக்கில் சற்றே மங்கலாகத் தோன்றலாம். சவ்வோடு ஒட்டிய சுருளின் எடை காரணமாக மிக உயர்ந்த அதிர்வெண்களை அது அவ்வளவு கூர்மையாக வாங்குவதில்லை. பாத்திரச் சத்தத்தின் கணீர் ஒலி கொஞ்சம் மழுங்கும். அதற்கு மேல் எந்த மாயமும் இல்லை.

பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வரும் ஒலியைத் தள்ளுவது டைனமிக் என்ற வகையின் குணம் என்று நினைப்பதும் தவறு. அது கார்டியாய்டு என்ற திசையமைப்பின் குணம். என்டி1-ஏ கண்டென்சரும் கார்டியாய்டுதான். தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் கையில் பிடித்துப் பேசும் மைக்குகளில் எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்ஈ50 புகழ்பெற்றது. அது டைனமிக், ஆனால் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலியை வாங்குவது. தெருநடுவே நின்று பேசினாலும் செய்தியாளரின் குரல் தெளிவாக வருவதற்குக் காரணம், அதை அவர் முகவாய்க்கு அருகிலேயே பிடித்திருப்பதுதான்.

எனவே எல்லாம் தூரத்தில் இருக்கிறது. ஒலி தன் மூலத்திலிருந்து விலகும்போது, தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறைகிறது. வாயிலிருந்து 3 அங்குலத்தில் இருக்கும் மைக்கை 24 அங்குலத்துக்குத் தள்ளினால் தூரம் மூன்று முறை இரட்டிக்கிறது. குரல் 18 டெசிபல் இழக்கிறது. ஆனால் ஃபேனும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அறை முழுக்க ஏறத்தாழ ஒரே அளவில் பரவியிருப்பவை. அவை எதையும் இழப்பதில்லை. நீங்கள் செலவழித்த தொகை முழுவதையும் அந்த 18 டெசிபல் விழுங்கிவிடும். பழைய கால அளவில் சொன்னால், வாய்க்கும் மைக்குக்கும் இடையே நான்கு விரற்கடை இருக்கட்டும். ஒரு சாணைத் தாண்டவே வேண்டாம். டைனமிக் மைக்குகள் இவ்வளவு நெருக்கத்தைத் தாங்குகின்றன என்பதும், நெருங்கிப் பேசும் பழக்கத்தை நம்மிடம் கட்டாயப்படுத்துகின்றன என்பதுமே அவற்றின் உண்மையான சிறப்பு. நெருங்கும்போது குரலின் அடித்தொனி கனப்பது இயல்பு. அளவுக்கு மீறிக் கனத்தால் 80 ஹெர்ட்ஸ் அருகே, அதற்குக் கீழுள்ள அடித்தொனிகளை வெட்டும் லோ-கட் போடுங்கள். 1968இல் வந்த எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்ஈ20 என்ற டைனமிக் மைக் இந்தக் கனத்தைப் பெருமளவு கட்டுப்படுத்தும்படியே வடிவமைக்கப்பட்டது. வானொலி நிலையங்கள் அதை இன்றும் விடாமல் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எந்த மைக்கை வாங்குவது என்ற கேள்விக்கு என் பதில் பலருக்கு ஏமாற்றம் தருகிறது. ஷூர் எஸ்எம்58 மேடைப் பாடகர்களுக்கு உரியது என்று ஒதுக்குகிறார்கள். 1966 முதல் விற்பனையில் இருக்கும் அந்த மைக்கின் மேல் ஒரு நுரை உறையைப் போட்டு, சரியான தூரத்தில் வைத்தால், பேச்சுக்கு அது தாராளமாகப் போதும். போலிகள் மிகுதியாகப் புழங்கும் மாடல் என்பதால் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்குங்கள். தனியாக அமர்ந்து பேசுகிறவர் என்றால் சாம்சன் கியூ2யூ போல, கணினியில் நேரே செருகும் யுஎஸ்பி, இன்டர்ஃபேஸில் செருகும் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் இரண்டும் உள்ள ஒன்றை வாங்கினால் இன்டர்ஃபேஸ் செலவே இல்லை. இரண்டு பேர் பேசும் நிகழ்ச்சி என்றால் இரண்டு யுஎஸ்பி மைக்குகளை ஒரே கணினியில் செருகிப் போராடாதீர்கள். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கடிகாரத்தோடு ஓடுவதால் நீண்ட பதிவில் இரண்டும் மெல்ல விலகிப்போகும். அங்கே எக்ஸ்எல்ஆர் மைக்குகளும் இரண்டு உள்ளீடுகள் கொண்ட இன்டர்ஃபேஸும்தான் வழி.

எஸ்எம்7பி வாங்கியே தீருவேன் என்பவர்கள் முதலில் தங்கள் இன்டர்ஃபேஸ் எவ்வளவு கெயின் தரும் என்று பார்க்க வேண்டும். அதற்குக் குறைந்தது 60 டெசிபல் தூய கெயின் தேவை என்று தயாரிப்பாளரே சொல்கிறார். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறை தருவது 56 டெசிபல். நான்காம் தலைமுறை 69 டெசிபல். போதாத கெயினை எடிட்டில் கூட்டினால் கிடைப்பது ஹிஸ். மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் இடையே மாட்டும் கிளவுட்லிஃப்டர் போன்ற பூஸ்டர் சுமார் 25 டெசிபல் கூட்டித் தரும். ஆனால் அந்தப் பூஸ்டருக்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர், அதாவது இன்டர்ஃபேஸ் கேபிள் வழியே அனுப்பும் மின்சாரம், தேவை. டைனமிக் மைக்குக்கு ஃபேண்டம் வேண்டாம் என்று எங்கோ படித்த நினைவில் அதை அணைத்துவிட்டு, பூஸ்டர் பழுதாக வந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. சரியாக வயர் செய்த எக்ஸ்எல்ஆர் கேபிளில் ஃபேண்டம் சாதாரண டைனமிக் மைக்கை ஒன்றும் செய்யாது. மெல்லிய உலோக நாடாவில் இயங்கும் பழைய ரிப்பன் மைக்குகளில்தான் எச்சரிக்கை தேவை.

மலிவு மைக்குகளோடு பெட்டியில் வரும் எக்ஸ்எல்ஆர்-3.5 மிமீ கேபிளைத் தயவுசெய்து பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். அதைக் கொண்டு டைனமிக் மைக்கைக் கைபேசியிலோ கேமராவிலோ நேரே செருகினால், ஒரு மில்லிவோல்ட்டைத் தூக்கி நிறுத்தும் வலு அந்தச் சாதனங்களின் உள்ளீட்டுக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. போதாக்குறைக்கு, கேமராவின் தானியங்கி கெயின் ஒவ்வொரு மௌனத்திலும் இரைச்சலை ஏற்றிவிட்டு, பேச்சு தொடங்கியதும் இறக்கும். ஒலியைத் தனியே பதிவுசெய்து, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டி, பிறகு படத்தோடு பொருத்திக்கொள்ளுங்கள்.

இனி வைக்கும் முறை. நம் வீடுகளில் தலைக்கு மேல் மின்விசிறி சுழலாத அறை இல்லை. கார்டியாய்டு மைக் தன் முதுகுப்புறத்தில்தான் மிகக் குறைவாகக் கேட்கிறது. மேசையிலிருந்து நிமிர்ந்து வாயைப் பார்க்கும்படி வைத்தால், உங்கள் வாய்க்குப் பின்னால் அது பார்ப்பது மின்விசிறியை. அதையே பூம் ஆர்ம் என்ற நீளும் தாங்கியில் மாட்டி, நெற்றிக்கு மேலிருந்து வாயை நோக்கி இறக்கினால், மின்விசிறிக்கு அதன் முதுகு திரும்புகிறது. ஒரு திருகாணியைத் தளர்த்தி இறுக்கும் நேரத்தில் கிடைக்கும் இந்தப் பலனை விட்டுவிட்டு, சுவரெங்கும் மெல்லிய நுரைத் தகடு ஒட்டுகிறார்கள். அந்தத் தகடு உயர் அதிர்வெண்களை மட்டும் உறிஞ்சி, அறையைப் பெட்டிக்குள் பேசுவதுபோல ஆக்கிவிடும். டைல்ஸ் தரையில் ஒரு தடித்த ஜமுக்காளம், பேசுபவருக்கு எதிரே தொங்கும் கனமான போர்வை, துணி நிறைந்த திறந்த அலமாரி ஆகியவை அதைவிட நன்றாக வேலை செய்யும். முடிந்தால் பேசும் நேரம் மட்டும் ஃபேனை நிறுத்துங்கள். வியர்வை பதிவில் கேட்காது.

மைக்கின் நேர் எதிரே ஊதுவதுபோல் பேசாமல், சற்றே பக்கவாட்டில் நகர்த்தி, அதன் முனை உதட்டோரத்தை நோக்கியிருக்கும்படி வையுங்கள். மூச்சு மைக்கில் மோதாமல் கடந்துபோகும். முனை என்பதை அழுத்திச் சொல்கிறேன். கண்டென்சர் மைக்குகள் பலவற்றில் பக்கவாட்டில் பேச வேண்டும்; எஸ்எம்7பி, ரோடு பாட்மைக், ஆர்ஈ20 ஆகிய டைனமிக் மைக்குகளில் முனையை நோக்கித்தான் பேச வேண்டும். அழகுக்காக அவற்றைச் செங்குத்தாக நிறுத்தி, மைக்கின் வயிற்றைப் பார்த்துப் பேசியிருந்த பதிவுகளும் எனக்கு வந்திருக்கின்றன.

இருவர் பேசும்போது நடுவில் ஒரே மைக்கை வைப்பது இருவருக்கும் சமமாகத் தீங்கு செய்யும் ஏற்பாடு. ஆளுக்கொரு மைக் வேண்டும். இரண்டு மைக்குகளுக்கும் இடையிலான தூரம், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். விருந்தினரைச் சாய்வான சோபாவில் உட்கார வைக்காதீர்கள். அவர் சாயும் ஒவ்வொரு முறையும் குரல் ஓர் அறை தள்ளிப்போகும், "கொஞ்சம் முன்னால் வாங்க ஐயா" என்று மூத்தவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லவும் கூச்சப்படுவீர்கள். நிமிர்ந்த நாற்காலி கொடுங்கள், அல்லது அவர் சாய்ந்தாலும் கூடவே போகும்படி நீளமான ஆர்ம் வையுங்கள். முகத்தை மறைக்கிறது என்று ஒளிப்பதிவாளர் முணுமுணுப்பார். மைக் படத்தில் தெரியட்டும். தெரியவே கூடாது என்றால் சட்டையில் மாட்டும் லாவலியர் மைக்குக்குப் போங்கள். டைனமிக் மைக்கை ஃபிரேமுக்கு வெளியே தள்ளிவிட்டு நல்ல ஒலியை எதிர்பார்க்காதீர்கள்.

"ம்ம்ம்" என்று ஒரு ஹம் கேட்டு, மைக்கின் உலோக உடலைத் தொட்டதும் அது குறைந்தால், முதலில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். எர்த் இல்லாத இணைப்புதான் பெரும்பாலும் குற்றவாளி. மின்விசிறியின் ரெகுலேட்டரும் சரமாக ஒட்டிய அலங்கார எல்ஈடி விளக்கின் அடாப்டரும் அடுத்த சந்தேகத்துக்கு உரியவை.

லெவல் வைக்கும்போது சோதனைக்காகச் சொல்லும் மெல்லிய "ஹலோ ஒன் டூ த்ரீ"யை நம்பாதீர்கள். நீங்கள் சிரிக்கும்போதும் சூடாக வாதிடும்போதும் எழும் உச்சம் பதிவு மீட்டரில் மைனஸ் 10 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளாமல் பதிவைத் தொடங்காதீர்கள். மாட்டியிருந்தால் ஃபேனும் ஹம்மும் அங்கேயே கேட்டிருக்கும்.

பிறகு மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினைச்சொல்லில் முடிகிறது. பேசுவோர் பலர், குறிப்பாக முதியவர்கள், அந்த முடிவில்தான் குரலை இறக்குகிறார்கள். இரைச்சலை நீக்கும் மென்பொருளுக்கு அந்த மெல்லிய ஈற்றசையும் இரைச்சலாகவே தோன்றுவதால், அதையும் சேர்த்து நறுக்கிவிடுகிறது. "நான் அங்கே போகவில்லை" என்றவரின் 'இல்லை' பாதி கரைந்து, அவர் போனாரா போகவில்லையா என்று படத்தில் உதடுகளைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டிய நிலை எனக்கு வந்திருக்கிறது. முதலில் சொன்ன கூத்துக் கலைஞரின் பதிவில் பல இடங்களில் இரைச்சலை அப்படியே விட்டுவைத்ததும் இதனால்தான்.

பதிவு முடிந்ததும் எல்லோரும் எழுவதற்குமுன் அரை நிமிடம் அமைதியாக இருந்து, வெறும் அறையின் ஒலியைப் பதிந்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களை நிரப்ப அது உதவும். ஒவ்வொரு மைக்கையும் தனித் தடமாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகச் சேமித்து, கூகுள் டிரைவில் ஏற்றி அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்ப வேண்டாம்.